80 இடங்களில் உடைந்த உடல்... செங்குத்தான பனிமலையில் இறங்கக் கற்றுக்கொடுத்த மத்தியாஸ் ஸ்டார்ஸ்கி யார்?

1916, பிப்ரவரி மாதக் கடைசி. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருக்கிறது. ஆஸ்திரியாவுக்கும் இத்தாலிக்கும் நடுவே நிற்கும் கார்னிக் ஆல்ப்ஸ் மலைத்தொடரில், பனிச்சரிவில் புதைந்த ராணுவ வீரர்களை மீட்க ஒரு குழு கிளம்புகிறது. அந்தக் குழுவில் ஒருவருக்கு 60 வயது முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஆஸ்திரிய ராணுவத்துக்கு மலை ஆலோசகர் அவர். பனியில் எங்கே கால் வைக்கலாம், எங்கே வைக்கவே கூடாது என்று வீரர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் அவருடைய வேலை.

மேலேயிருந்து இன்னொரு பனிச்சரிவு இறங்கியது. அது ஆலோசகரையும் விட்டுவைக்கவில்லை.

வெளியே எடுத்தபோது அவருக்கு உயிர் இருந்தது. எலும்பு முறிவு, மூட்டு விலகல் எல்லாம் சேர்த்துச் சுமார் 80 இடங்களில் உடல் சேதமாகியிருந்தது. முதுகெலும்பும் தப்பவில்லை. அந்தக் காலத்து மருத்துவத்தில் இப்படி ஒரு உடம்பு பிழைப்பதே அதிசயம். ஆனா அவர் பிழைத்தார். பல வருடங்கள் கழித்து மறுபடி சறுக்குப் பலகையில் ஏறியும் நின்றார்.

அவர் பெயர் மத்தியாஸ் ஸ்டார்ஸ்கி. இன்னிக்கு ஆல்ப்ஸில் இருந்து குல்மார்க் வரை செங்குத்தான பனிமலையில் வளைந்து வளைந்து இறங்குகிறவர்கள் எல்லாருமே, தெரிந்தோ தெரியாமலோ, இந்த மனிதர் போட்ட பாதையில்தான் இறங்குகிறார்கள்.

முதலில் ஒரு விஷயம்: பேக்கன்ட்ரி ஸ்கீயிங் என்றால் என்ன?

பனிச்சறுக்கு என்றதும் நமக்கு ஞாபகம் வருவது சினிமாவில் பார்த்ததுதான். ரோப் காரில் மேலே போவார்கள், வழித்துச் சமப்படுத்தி வைத்திருக்கும் பனியில் சர்ரென்று இறங்குவார்கள். கொடி நட்டிருக்கும், காவலர் இருப்பார், அடிபட்டால் தூக்கிக்கொண்டு போக ஆள் வரும்.

பேக்கன்ட்ரி அப்படி இல்லை. லிஃப்ட் கிடையாது. சொந்தக் காலில் மணிக்கணக்கில் மலை ஏறி, யாரும் தொடாத பனியில் இறங்க வேண்டும். பாதை போட்டு வைத்தவர் யாரும் இல்லை. இந்த இறக்கம் தாங்குமா, உடைந்து சரியுமா என்பதை நீங்களேதான் பார்த்து முடிவெடுக்க வேண்டும்.

ஸ்டார்ஸ்கி சறுக்கத் தொடங்கிய காலத்தில் சறுக்கு லிஃப்ட் என்ற ஒன்றே கிடையாது. அதனால் அன்று நடந்த பனிச்சறுக்கு எல்லாமே இன்றைய கணக்கில் பேக்கன்ட்ரிதான்.

நார்வேயின் பாணியும் ஆல்ப்ஸின் சிக்கலும்

சறுக்குப் பலகை நார்வேக்காரர்களுக்குப் புதுசு கிடையாது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அதில்தான் பனிக்காலத்தில் நடமாடினார்கள். 19ஆம் நூற்றாண்டில் டெலிமார்க் என்ற வட்டாரத்தில் சோந்த்ரே நோர்ஹைம் என்பவர் குதிகாலைச் சுற்றி வளையும் பிரம்புக் கட்டு ஒன்றைப் போட்டு, பலகையைத் திருப்பும் வித்தையைப் பிரபலமாக்கினார். ஒரு கால் முன்னே, இன்னொரு கால் பின்னே. பின்னங்காலின் முழங்கால் மடங்கும், குதிகால் மேலே எழும்பும். இதுதான் டெலிமார்க் திருப்பம். பார்க்க ரொம்ப அழகா இருக்கும்.

நார்வேயின் அகலமான, நீண்ட இறக்கங்களுக்கு அது போதும். ஆல்ப்ஸ் வேற மாதிரி. குறுகலான பள்ளம், நடுவில் மரங்கள், ஒரு பக்கம் பாறை. இங்கே மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுபோலச் சட்டென்று திரும்பவும், நினைத்த இடத்தில் நிற்கவும் தெரிய வேண்டும். நீண்ட பலகையும் தளர்வான கட்டும் அதற்கு ஒத்துழைக்காது.

ஒற்றைக் கண், ஒரு தனி வீடு

ஸ்டார்ஸ்கி 1856 பிப்ரவரி 25ஆம் தேதி பிறந்தார். ஊர் இன்றைய செக் குடியரசில் உள்ள த்ரெபிச் நகரை ஒட்டியது. அப்போது அது ஆஸ்திரியப் பேரரசின் மொராவியா பகுதி. சிறு வயதிலேயே இடது கண் பார்வை போய்விட்டது. எங்கும் வெள்ளையாக இருக்கும் பனியில் மேடு எது, பள்ளம் எது என்று பிரித்துப் பார்ப்பது இரண்டு கண் உள்ளவர்களுக்கே கஷ்டம். பின்னாளில் அதே பனியில் மற்றவர்களுக்கு வழிகாட்டியவர் ஒற்றைக் கண்ணோடுதான் வழிகாட்டினார்.

ஆசிரியர் பயிற்சி முடித்தவர். ஓவியம், சிற்பம் என்றும் கொஞ்ச காலம் அலைந்தார். ஆனால் ஊரோடு ஒட்டி வாழ்கிற ஆள் இல்லை போல. 1889இல் வியன்னாவுக்குத் தென்மேற்கே லிலியன்ஃபெல்ட் என்ற சிற்றூருக்கு மேலே, ஹாபர்ன்ரைத் என்ற மலைப் பண்ணையை வாங்கித் தனியாகக் குடியேறினார். குளிர்காலத்தில் பனி விழுந்தால் வீட்டைவிட்டு வெளியே போவதே பெரும்பாடு.

அந்த நேரத்தில்தான் ஐரோப்பா முழுக்க ஒரு பெயர் அடிபட்டது. ஃப்ரித்யோஃப் நான்சென். நார்வேயைச் சேர்ந்த இவர் 1888இல் சறுக்குப் பலகையில் கிரீன்லாந்தைக் குறுக்காகக் கடந்தார். அந்தப் பயணம் பற்றிய அவருடைய புத்தகம் 1890இல் வந்தது. படித்த பலருக்கு ஸ்கீ ஆசை தொற்றியது. ஸ்டார்ஸ்கியும் நார்வேயில் இருந்து ஒரு ஜோடி வரவழைத்தார். நீளம் கிட்டத்தட்ட 3 மீட்டர்!

வீட்டு வாசலிலேயே செங்குத்தான இறக்கம். பலகையில் ஏறி நின்றால் நேராகப் போகும், திரும்பாது. கட்டு பக்கவாட்டில் ஆடும், கால் ஒரு பக்கம் திரும்பினால் பலகை இன்னொரு பக்கம் போகும். கற்றுத்தர ஆள் இல்லை. பக்கத்தில் பார்த்துப் பழக இன்னொரு சறுக்கு வீரர்கூட இல்லை. நார்வேக்காரர்கள் எப்படித் திரும்புகிறார்கள் என்பதையே அவர் பார்த்ததில்லை. ஒருவேளை அதுதான் நல்லதாகப் போயிற்று. பார்த்திருந்தால் அதையே காப்பியடித்திருப்பார்.

200 மாதிரிகள், ஒரு இரும்புத் தகடு

அடுத்த சுமார் 6 ஆண்டுகள் அவர் தனியாகவே சோதனை செய்தார். பைண்டிங், அதாவது காலணியைப் பலகையோடு பிணைக்கும் கட்டு, அதில் மட்டும் ஏறத்தாழ 200 மாதிரிகளைச் செய்து பார்த்ததாகச் சொல்வார்கள்.

கடைசியில் கிடைத்தது ஒரு இரும்புத் தகடு. காலணியின் அடிப்பாகம் முழுக்க அதில் உட்காரும். முன்பக்கம் கீல், கூடவே ஒரு ஸ்ப்ரிங். மலை ஏறும்போது குதிகால் மேலே எழும்பும். ஆனால் பக்கவாட்டில் அசையாது. காலைத் திருப்பினால் பலகையும் சேர்ந்து திரும்பும். கூடவே பலகையின் நீளத்தையும் 2 மீட்டருக்குள் குறைத்தார். நார்வேப் பலகையின் அடியில் நேராக ஓட உதவும் ஒரு பள்ளக்கோடு இருக்கும். அதையும் எடுத்துவிட்டார், அவருக்குத் தேவை நேராக ஓடுவது இல்லையே!

இறங்கும் முறையும் மாறியது. பலகையின் பின்முனையை வெளியே தள்ளி, இரண்டு பலகையையும் ஆப்பு வடிவத்தில் வைத்து, எடையை மாற்றித் திரும்ப வேண்டும். பிரேக் பிடித்துக்கொண்டே வளைவில் வண்டியைத் திருப்புவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கும் முதல் நாள் ஸ்கீ வகுப்புக்குப் போனால் சொல்லித்தருவது இதன் பேரப்பிள்ளையைத்தான்.

1896இல் இதையெல்லாம் படங்களோடு புத்தகமாகப் போட்டார். ஆல்ப்ஸ் மலைக்கென்றே எழுதப்பட்ட முதல் சறுக்குப் பாடநூல் என்று அதைச் சொல்கிறார்கள். ஊர் பெயராலேயே அது லிலியன்ஃபெல்ட் முறை ஆனது.

1900இல் ஒரு சங்கம் தொடங்கினார். வார இறுதியானால் வியன்னாவிலிருந்து ரயில் ஏறி ஆட்கள் வந்தார்கள். கூட்டம் கூட்டமாக நிற்க வைத்து, ராணுவப் பயிற்சிபோல வகுப்பு நடக்கும். காசு வாங்கவில்லை. கண்டிப்பு மட்டும் ரொம்ப அதிகம். அவர் சொன்னபடிதான் செய்ய வேண்டும்.

தடி ஒன்றா, இரண்டா? பெரிய சண்டை

ஸ்டார்ஸ்கியிடம் ஒரே ஒரு நீளமான தடிதான் இருக்கும். நார்வே பாணியை நேசித்தவர்களுக்கு இது கேலிக்கூத்தாகத் தெரிந்தது. தடியில் சாய்ந்துகொண்டு இறங்குவது ஒரு வித்தையா என்று சிரித்தார்கள். அவரும் சும்மா இருக்கவில்லை. நார்வே முறை ஆல்ப்ஸுக்குச் சரிப்படாது என்று எழுதித் தள்ளினார். பதில் சூடாக வந்தது. அவருடைய பதில் அதைவிடச் சூடாகப் போனது.

எதிரணியில் இருந்தவர்களில் முக்கியமானவர் ஜெர்மனியின் வில்ஹெல்ம் பவுல்கே. 1897இலேயே நண்பர்களோடு சுவிட்சர்லாந்தின் பெர்ன் ஆல்ப்ஸ் பனிப்பாறைகளை ஸ்கீயில் கடந்தவர், புவியியல் அறிஞர். இன்னொருவர் ஆஸ்திரிய ராணுவ அதிகாரி கியோர்க் பில்கெரி. இரண்டு பாணியையும் கலந்து, இரண்டு தடியோடு ஒரு முறையை உருவாக்கினார். ஸ்டார்ஸ்கிக்கும் பில்கெரிக்கும் நடந்த தகராறு துவந்த யுத்தத்துக்கு அழைக்கும் அளவுக்குப் போனதாக வரலாறு. நல்லவேளை, சண்டை நடக்கவில்லை.

1905 தொடக்கத்தில் நார்வேயில் இருந்து ஹாஸ்ஸா ஹோர்ன் என்ற பொறியாளர் நேரில் வந்தார், பார்த்துவிட்டுத் தீர்ப்பு சொல்வதற்காக. ஸ்டார்ஸ்கியோடு அதே இறக்கங்களில் இறங்கிப் பார்த்தார். இந்த மாதிரி செங்குத்தான இடத்துக்கு இந்த முறைதான் பொருந்தும் என்று ஒப்புக்கொண்டார். ஆனாலும் எதிரிகள் ஓயவில்லை.

அதே ஆண்டு மார்ச் 19. லிலியன்ஃபெல்டுக்கு மேலே முக்கன்கோகல் மலையில் 85 வாசல்கள் நட்டு ஒரு போட்டி வைத்தார். ஒவ்வொரு வாசலையும் நுழைந்து இறங்க வேண்டும். 24 பேர் கலந்துகொண்டார்கள்; அதில் ஒரு பெண்ணும் உண்டு. யார் வேகம் என்பதைவிட யார் கட்டுப்பாட்டோடு இறங்குகிறார்கள் என்று பார்ப்பதுதான் நோக்கம். இன்றைய ஸ்லாலம் போட்டியின் தொடக்கமாக இதைச் சொல்பவர்கள் உண்டு. 1922இல் சுவிட்சர்லாந்தின் மூரனில் ஆர்னால்டு லன் என்ற ஆங்கிலேயர் நடத்தியதைத்தான் முதல் நவீன ஸ்லாலம் என்று சொல்பவர்களும் உண்டு. அந்தப் பஞ்சாயத்து இன்னும் முடியவில்லை.

சரி, இதில் யார் ஜெயித்தது? தடி விஷயத்தில் ஸ்டார்ஸ்கி தோற்றார். இன்று எல்லாரும் இரண்டு தடிதான். மற்றபடி குட்டைப் பலகை, ஆடாத பைண்டிங், கட்டுப்பாடான திருப்பம் எல்லாவற்றிலும் அவர் பக்கம்தான் காற்று அடித்தது.

ஆபத்து எங்கே ஒளிந்திருந்தது?

இங்கேதான் கதை திரும்புகிறது.

பனிச்சரிவில் பல வகை உண்டு. ஆளைக் கொல்வதில் முதலிடம் பலகைப் பனிச்சரிவுக்கு. பனி ஒரே நாளில் விழுவதில்லை; அடுக்கடுக்காக விழுகிறது. கீழே ஒரு அடுக்கு சர்க்கரைபோல ஒட்டாமல் கிடக்கும். அதன்மேல் காற்று அடித்து இறுக்கிய அடுக்கு உட்காரும். மேலே ஒரு ஆள் ஏறினால் போதும், அடியில் இருக்கும் பலவீனமான அடுக்கு உடைந்து, மேலே இருப்பது மொத்தமாகக் கழன்று வரும். உடைகிற கோடு அவருக்கும் மேலே இருக்கும். அதாவது அவர் நிற்பதே நகரும் பனியின் நடுவில்.

இது எந்த மாதிரி இறக்கத்தில் நடக்கும்? பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி. அதைவிடத் தட்டையாக இருந்தால் பனி எளிதில் நகராது. ரொம்பச் செங்குத்தாக இருந்தால் சேராமல் அடிக்கடி உதிர்ந்துவிடும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். பழைய முறையில் இந்த 30, 40 டிகிரி இறக்கங்களுக்கு யாரும் அதிகம் போகவில்லை. போனாலும் இறங்கத் தெரியாது. ஸ்டார்ஸ்கி கற்றுக்கொடுத்த திருப்பம் அந்தக் கதவைத் திறந்துவிட்டது. விழாமல் இறங்கலாம் என்ற தைரியம் வந்தது. கீழே இருப்பது கெட்டித் தரையா, கழன்று வரும் பலகையா என்று பார்க்கும் அறிவு அதே வேகத்தில் வளரவில்லை. பாணி எது, தடி எத்தனை என்ற சண்டையில் போன நேரமும் மையும் பனியைப் பற்றிப் பேசுவதில் செலவாகியிருக்கலாம் என்று இப்போது நமக்குத் தோன்றும்.

அவருக்கு இது தெரியாமல் இல்லை. போர் தொடங்கியதும் ராணுவம் அவரை அழைத்தது இந்த அறிவுக்காகவும்தான். ஆல்ப்ஸ் போர்முனையில் எதிரியின் குண்டுக்குச் சமமாகப் பனி ஆளைத் தின்றது. 1916 டிசம்பர் 13ஆம் தேதி மார்மொலாடா மலையில் ஆஸ்திரிய வீரர்கள் தங்கியிருந்த முகாம்மேல் விழுந்த ஒரே ஒரு பனிச்சரிவில் 200க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். போர் முடிவதற்குள் பனிச்சரிவில் போன உயிர்கள் பல ஆயிரம்.

ஸ்டார்ஸ்கி சிக்கியது அதற்குப் பத்து மாதம் முன்பு. அன்று அவர் சறுக்கி விளையாடப் போகவில்லை, மீட்கப் போனார். வெள்ளம் வந்த ஆற்றில் நீச்சல் வீரரும் ஒரு துரும்புதானே! பைண்டிங்கும் திருப்பமும் அங்கே எந்த வேலைக்கும் ஆகவில்லை.

படுக்கையில் இருந்து ஒரு புத்தகம்

பிழைத்தபின் வாழ்க்கை லேசாக இல்லை. வருடக்கணக்கில் வலி. தன் உடம்புக்குத் தேவையான பயிற்சிகளையும் சாதனங்களையும் அவரே யோசித்து உருவாக்கிக்கொண்டார். பைண்டிங்கை 200 தடவை மாற்றிப் பார்த்த அதே பிடிவாதம்.

1929இல் பனிச்சரிவு பற்றிய அவருடைய புத்தகம் வெளிவந்தது. ஆபத்தான பனியை எப்படி அடையாளம் காண்பது என்பதோடு, பனிக்குள் மாட்டிய உடம்புக்கு என்ன நடக்கிறது என்பதையும் அதில் எழுதினார். அனுபவித்த ஒருவர் அதை நிதானமாகக் குறித்து வைத்தது அந்தக் காலத்தில் அபூர்வம்.

இதில் ஒரு வேடிக்கை. பழைய எதிரி பவுல்கேயும் அதே பக்கம்தான் வந்து சேர்ந்தார். பனி அடுக்குகளை அறிவியல் முறையில் ஆராய்ந்து 1938இல் பனி, பனிச்சரிவு பற்றி நூல் வெளியிட்டார். எந்தப் பாணி உசத்தி என்று மோதிக்கொண்ட இரண்டு பேரும் கடைசியில் குனிந்து பார்த்தது காலுக்கடியில் இருந்த பனியை.

இன்று கடைகளில் இருக்கும் பெயர்கள்

இப்போது ஒரு ஸ்கீ கடைக்குள் போனால் தலை சுற்றும். டெலிமார்க், ஆல்பைன் டூரிங், ஃப்ரீரைட், ஸ்ப்ளிட்போர்ட் என்று ஏகப்பட்ட பெயர்கள். டெலிமார்க் என்றால் ஏறும்போதும் இறங்கும்போதும் குதிகால் சுதந்திரமாக இருக்கும். ஆல்பைன் டூரிங் என்றால் ஏறும்போது எழும்பும், இறங்கும்போது பூட்டிக்கொள்ளலாம். ஸ்ப்ளிட்போர்ட் என்பது ஸ்னோபோர்டை நடுவில் இரண்டாகப் பிரித்து ஏறுவது.

பைண்டிங்மேல் ஒரு எண் அளவுகோல் இருக்கும். விழும்போது எவ்வளவு விசை வந்தால் அது காலணியை விட வேண்டும் என்பதற்கான கணக்கு அது. எடை, உயரம், வயது, திறமை பார்த்து அதை வைக்க வேண்டும். டெலிமார்க் பைண்டிங்குகளில் பல அப்படிக் கழன்றுகொள்வதில்லை. பனிச்சரிவில் கழலாத பலகை நங்கூரம்போல ஆளைக் கீழே இழுக்கும் என்பதால், இந்த ஒரு வித்தியாசம் மட்டும் வெறும் பாணி விஷயம் இல்லை.

இதற்கெல்லாம் மேலே, பையில் மூன்று பொருள் இல்லாமல் யாரும் கிளம்பக் கூடாது. 457 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் சிக்னல் அனுப்பும் டிரான்ஸீவர், புதைந்தவரைக் குத்தித் தேடும் மடக்குக் கம்பி, மண்வெட்டி. புதைந்தவரை முதல் 10, 15 நிமிடங்களுக்குள் வெளியே எடுத்தால்தான் பிழைக்கும் வாய்ப்பு நன்றாக இருக்கும். அதற்குப் பிறகு வேகமாகக் குறையும். மீட்புப் படை ஹெலிகாப்டரில் வருவதற்குள் அந்த நேரம் ஓடிவிடும். ஆகவே தோண்டப் போவது கூட வந்தவர்தான். சந்தேகமான இறக்கத்தை ஒவ்வொருவராகக் கடக்கச் சொல்வதும் இதற்குத்தான். ஒருவர் மாட்டினாலும் தேட மற்றவர்கள் மிச்சம் இருப்பார்கள்.

ஸ்டார்ஸ்கியின் பெயர் சுமந்த ஒரு சாமானும் உண்டு. மலையில் இருட்டிவிட்டாலோ அடிபட்டு நகர முடியாமல் போனாலோ, தலைக்கு மேலே போர்த்திக்கொண்டு காற்றில் இருந்து தப்பிக்கும் எடை குறைந்த துணிப் பை. அவர் வடிவமைத்தது. ஆல்ப்ஸ் மலையேறிகள் ரொம்ப காலம் அதை ஸ்டார்ஸ்கி பை என்றே அழைத்தார்கள். இன்று பிவாக் பை என்ற பொதுப்பெயரில் விற்கிறது.

1940 ஜூன் 20ஆம் தேதி, 84 வயதில், சாங்க்ட் போல்டன் நகரில் அவர் இறந்தார். அடுத்த உலகப் போர் தொடங்கி ஒரு வருடம்கூட ஆகாத நேரம். லிலியன்ஃபெல்ட் அருங்காட்சியகத்தில் அவருடைய பலகைகளும் பைண்டிங்குகளும் இருக்கின்றன. உடலை அடக்கம் செய்தது மேலே, ஹாபர்ன்ரைத்தில், அவர் முதன்முதலில் அந்த 3 மீட்டர் பலகையில் ஏறி நின்று விழுந்த அதே மலைப் பண்ணையில்.